மாப்பிள்ளைச் சக்கரம்

ஹனீபாவின் பஸ்ஸில் ஏழு பேர் உட்காரலாம் என்று வண்டி ஆபீஸ் கொடுத்த தகட்டில் எழுதியிருந்தது. ஒருவர் மடியில் ஒருவர் உட்காரக்கூடாது என்று எழுதவில்லை. ஆகவே காலை நேரத்தில் பதினொரு பேர் போனார்கள். இந்த மாதிரி வண்டிகளுக்கு ஊரார் கொசு பஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். சின்னது, எந்தச் சந்திலும் நுழையும், டிராம்காரன் எவ்வளவு விரட்டினாலும் மறுபடி வந்து காதருகில் கத்தும். பொருத்தமான பெயர்தான்.

பினாங் தீவில், ஜார்ஜ் டவுன் கடற்கரையிலிருந்து சுங்கை பினாங் வரை ஒரு நாளைக்குப் பதினாறு நடை. முதல் நடையில் ஓட்டுகிறவன் முதுகுக்கு நேர் பின்னால் சித்தி ஹாஜரா உட்காருவாள். முட்டை வியாபாரி; சித்தி என்பது பெயரில் பாதி, உறவு இல்லை. மடியில் ஒரு கூடை முட்டை. ஹனீபா பிரேக்கை மிதித்ததும் அவள் கூடைக்குள் குனிந்து உடைந்ததை எண்ணுவாள்.

"இன்னிக்கு ரெண்டு. நேத்து ஒண்ணுதான். ஒன் பிரேக்கு கெட்டுக்கிட்டு வருது, தம்பி."

பிரேக்கைப் பற்றிய இந்தத் தினசரி அறிக்கையை ஹனீபா மதித்தான். வண்டி ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வண்டியைப் பார்ப்பார். அவரிடம் முட்டையும் கிடையாது.

துரையின் பரிசோதனையில் நான்கு விஷயம் தேறவேண்டும்: விளக்கு, ஹாரன், பிரேக், டயர். முதல் மூன்றையும் நேர்மையாகவே சரிப்படுத்திவிட முடியும். டயர் விஷயத்தில் நேர்மை கட்டுப்படியாகாது. பதினாறு நடை ஓடுகிற டயர் இரண்டே மாதத்தில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் தலைபோல மழமழவென்று ஆகிவிடும். அதற்காகத்தான் மாப்பிள்ளைச் சக்கரம் இருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன் ஹனீபாவின் ஒரே தங்கை ஹமீதாவுக்கும் கமாலுக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஹனீபாவின் பஸ்தான் போயிற்று. பூச்சரம், காகிதக் கொடி, தாளக்காரர்கள் எல்லாம் இருந்தும் டயர் நான்கும் மழமழவென்று இருந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? ஹனீபா மனைவியின் வளையலை அடகு வைத்து நான்கு புத்தம்புது டயர்களைச் சக்கரத்தோடு வாங்கி மாட்டினான். ஊர்வலம் முடிந்த மறுநாள், இவ்வளவு நல்ல டயரைப் போய் ரோட்டில் ஓட்டுவதா என்று மனம் கேட்கவில்லை. கழற்றினான்.

கமாலும் கொசு பஸ்காரன்தான். இருவர் வண்டியும் ஒரே கம்பெனி, ஒரே அளவு ஆணி. ஆகவே ஒரு யோசனை பிறந்தது. சக்கரம் நான்கும் ஆச்சே தெருச் சந்தில் இருந்த கமாலின் வீட்டில், சீராகக் கொடுத்த பெரிய கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. ஹனீபாவின் வீட்டுக் கட்டில் தாழ்வு. அடியில் செருப்புக்கூட நுழையாது. பரிசோதனை நாளன்று யார் வண்டியோ அதில் மாப்பிள்ளைச் சக்கரம் ஏறும். ஆபீஸுக்குப் போய்த் தேறிவிட்டு வந்ததும் இறங்கிக் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்ளும். ஒரு கல்யாணமும் பதினைந்து பரிசோதனையும் தவிர அது வாழ்க்கையில் ஒரு வேலையும் பார்த்ததில்லை. பினாங்கில் அவ்வளவு சொகுசாக வாழ்ந்தவர்கள் மலைமேல் பங்களா கட்டியிருந்தவர்கள் மட்டுமே.

அந்த வருஷம் ஆபீஸ் பலகையில் ஒரு புது அறிவிப்பு தொங்கியது. இங்கிலீஷில் இருந்ததால் டிரைவர்கள் அதன் கீழே நின்று வெற்றிலை போட்டார்கள். அதன் பாதி மட்டும் வாய்வழியாகப் பரவி ஹனீபாவிடம் வந்து சேர்ந்தது: சுங்கை பினாங் பாதைக்கு இனிமேல் புது நம்பர் கிடையாது, குறித்த நாளில் எந்த வண்டி தேறவில்லையோ அதன் நம்பர் அன்றைக்கே போயிற்று. மன்னிப்பு இல்லை, மறுபரிசோதனை இல்லை. அந்தப் பாதையில் ஓட்டும் உரிமையே நம்பர்தான். அது போனால் ஹனீபாவிடம் மிச்சம் இருக்கப்போவது நகரக்கூடிய ஒரு தகரக் கொட்டகை.

கமாலின் வண்டிக்கு மாத முதல் திங்கள் முறை. போய்த் தேறி வந்தான். அன்று மாலையே ஹனீபா அவனைக் கோப்பிக்கடையில் பிடித்தான்.

"என்ன மாப்புள்ள, எப்படி?"

"சுலபம்லா மச்சான். வெளக்கப் பாத்தாரு, ஹாரன அமுக்கச் சொன்னாரு, போன்னாரு."

"புதுசா ஏதாச்சும் கேக்குறாங்களா?"

கமால் கோப்பியைச் சாசரில் ஊற்றி ஆற்றினான். "புதுசுன்னா... துரை மீசை வச்சிருக்காரு."

"டயர?"

"தட்டிப் பாத்தாரு. எத்தன தடவ பாத்த டயரு! பாவம், அவருக்கே சலிச்சுப் போயிருக்கும்."

இருவரும் சிரித்தார்கள். ஹனீபா அன்று நன்றாகத் தூங்கினான்.

ஒன்பது நாள் கழித்து, புதன்கிழமை காலை, ஹனீபாவின் முறை வந்தது. பஸ்ஸைக் கமாலின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். கமால் தானே கட்டிலுக்கடியில் தவழ்ந்துபோய்ச் சக்கரங்களை உருட்டி வந்தான். ஈரத்துணியால் துடைத்தான். ஆணிகளையும் அவனே முறுக்கினான். வழக்கமாக ஜாக்கியைப் பிடித்துக்கொண்டு புத்திமதி சொல்வதோடு சரி.

"நீ ஏன் மாப்புள்ள கஷ்டப்படுறே?"

"இருக்கட்டும் மச்சான். இன்னிக்கு ஒங்க நாளு."

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து கோப்பி வந்தது. ஹனீபா வாங்கப் போனவன் ஒரு கணம் தயங்கினான். ஹமீதா டம்ளரை இடக்கையால் நீட்டிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் இடக்கையால் பேரீச்சம்பழத்தை எடுத்ததற்கு அத்தாவிடம் அறை வாங்கி, அதற்குப்பின் இடக்கையால் ஈயைக்கூட விரட்டாத பெண்.

"என்ன புள்ள இது?"

"கை சுட்டுருச்சுண்ணே. அடுப்புல."

"ரொம்பவா? எங்க, காட்டு."

"வேணாம்ண்ணே. துணி சுத்தியிருக்கேன்."

"தேங்காண்ணெ போடு. தண்ணியில வைக்காத." கமாலைப் பார்த்துச் சொன்னான்: "ரெண்டு நாளைக்குக் கடையில சோறு வாங்கிக் குடு, மாப்புள்ள."

"கண்டிப்பா மச்சான்," என்றான் கமால், கடைசி ஆணியை முறுக்கியபடி.

கழற்றிய மழமழச் சக்கரங்கள் நான்கும் கட்டிலுக்கடியில் போயின. ஹனீபா பிஸ்மி சொல்லி வண்டியைக் கிளப்பினான்.

வண்டி ஆபீஸ் கடற்கரையை ஒட்டி இருந்தது. முன்னால் பெரிய முற்றம், அதில் சுண்ணாம்பில் கோடு. துரை மலாயில் பேசுவார். மலாய் தெரிந்தவர்களுக்கு அது புரியாது என்பதால் பக்கத்தில் குமாஸ்தா சின்னையா கிராணி நின்று தமிழ்க்காரர்களுக்குத் தமிழில் சொல்வார். சின்னையாவின் கையில் ஒரு தடித்த புத்தகம். அது புதிது. ஹனீபா அதைப் பார்த்தான். ஆபீஸ் என்றால் புத்தகம் இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டான்.

விளக்கு எரிந்தது. ஹாரன் கத்தியது. பிரேக் சுண்ணாம்புக் கோட்டுக்கு அரையடி முன்னாலேயே பிடித்தது. சித்தி ஹாஜரா ஏறியிருந்தால் ஒரு முட்டைகூட உடைந்திருக்காது. துரை தலையை ஆட்டினார். பிறகு முன் சக்கரத்தின் அருகே உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருந்த எண்ணை விரலால் தடவி உரக்கப் படித்தார். சின்னையா புத்தகத்தைப் புரட்டினார். துரை அடுத்த சக்கரத்துக்குப் போனார். அதையும் படித்தார். சின்னையா புரட்டுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு வேண்டிய பக்கம் கிடைத்துவிட்டிருந்தது.

"ஹனீபா பாய்," என்றார் தணிந்த குரலில், "இந்த நாலு டயரும் போன திங்களுக்கு முந்தின திங்கள் இங்க வந்திருக்கே. வேற வண்டியில."

"டயர்னா எல்லாம் ஒரே மாதிரிதானே கிராணியாரே இருக்கும்?"

"மாதிரி ஒண்ணா இருக்கும். நம்பர் ஒண்ணா இருக்காது. இந்த மாசத்துலேருந்து டயர் நம்பரையும் எழுதுறோம். மொதல்ல எழுதினது கமால் பாய் வண்டியிலதான். அவரு பக்கத்துல நின்னு, ஒவ்வொண்ணா அவரே படிச்சுச் சொன்னாரு. நான் எழுதிக்கிட்டேன். உதவியான ஆளு."

ஹனீபாவுக்குக் காதில் மட்டும் விழுந்தது. மனசுக்குள் போகவில்லை. மனசு அப்போது வேறொரு கணக்கில் இருந்தது: இது கூட்டுச் சக்கரம் என்று சொன்னால் இரண்டு வண்டியும் மாட்டும். கமால் ஏமாற்றித் தேறினான் என்று ஆகும். அவன் நம்பரும் போகும். அப்புறம் கை சுட்டுக்கொண்டு கிடக்கிற ஹமீதா வீட்டில் அடுப்பே எரியாது.

துரை எழுந்து நின்று கேட்டதைச் சின்னையா தமிழில் சொன்னார். "இது யாரோட டயர்னு கேக்குறாரு."

"கமாலுடையது."

"உங்ககிட்ட எப்படி வந்துச்சு?"

"அவனுக்குத் தெரியாம எடுத்தேன். அவன் தூங்கிக்கிட்டிருந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, ஐயா. நான் மட்டும்தான்."

தன் மனைவியின் வளையலில் வாங்கிய சக்கரத்தைத் தான் திருடியதாக ஹனீபா இவ்வாறு ஒப்புக்கொண்டான். துரைக்கு உண்மை பேசுகிறவர்களைப் பிடிக்கும். இந்த நேர்மைக்காகப் போலீசுக்கு அனுப்பவில்லை என்றும், நம்பரை மட்டும் எடுத்துக்கொள்வதாகவும், டயர்களை உரியவரிடம் ஒப்படைக்கப் போவதாகவும் சொன்னார். ஹனீபாவின் தோளை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். இரண்டு ஆட்கள் வந்து பஸ்ஸை மரக்கட்டைமேல் ஏற்றி, மாப்பிள்ளைச் சக்கரம் நான்கையும் கழற்றினார்கள். மூன்றாவது ஆள் திருப்புளியால் நம்பர்த் தகட்டைக் கழற்றினான். ஏழு பேர் உட்காரலாம் என்ற தகட்டையும் சேர்த்தே எடுத்தான். இனிமேல் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம்.

"நம்பர் இனி எங்க போகும், கிராணியாரே?"

"பட்டியல்ல அடுத்து யாரோ அவங்களுக்கு."

"பட்டியல் ஒண்ணு இருக்கா?"

"பலகையில போட்டிருக்கோமே பாய், அறிவிப்புல ரெண்டாவது பாதி. யாரும் படிக்கல போல. இப்போதைக்கு ஒரே பேருதான் இருக்கு." சின்னையா வேறொரு காகிதத்தை எடுத்தார். "ஹமீதா பீவி. ஆச்சே தெரு. யாரு, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

ஹனீபா காகிதத்தைப் பார்த்தான். எழுத்து அவனுக்குப் புரியாது. அடியில் ஒரு பெருவிரல் ரேகை, ஊதா மையில். அதைப் படிக்க எந்தப் பள்ளிக்கூடமும் வேண்டியதில்லை.

"அந்தம்மா வெளிய வரமாட்டாங்கன்னு கமால் பாய் மைப்பெட்டிய வீட்டுக்கே வாங்கிட்டுப் போனாரு. நேத்து சாயங்காலம்தான் கொண்டு வந்து குடுத்தாரு," என்றார் சின்னையா. "ரொம்ப அழுத்தி வச்சிருக்காங்க, பாருங்க. பின்பக்கம் வரைக்கும் ஊறிப்போச்சு. இந்த மை லேசுல போகாது. எனக்கே ஒருதடவ மூணு நாள் இருந்துச்சு."

மூன்று நாள் போகாத மையை மறைக்க வலக்கையில் துணி சுற்றவேண்டும். துணி சுற்றினால் கோப்பியை இடக்கையால்தான் நீட்ட முடியும்.

"கிராணியாரே, இப்ப நான் துரைகிட்டப் போயி வேற மாதிரி சொன்னா?"

சின்னையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்த ஆபீஸில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவர். "என்ன மாதிரி சொன்னாலும் உங்க நம்பர் திரும்பாது. கமால் பாய் நம்பரும் சேந்து போகும். அந்தம்மா பேரையும் அடிச்சிருவாங்க. சொல்றீங்களா?"

ஹனீபா வாயைத் திறந்தான். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றான்.

பஸ் மரக்கட்டைமேல் நின்றது. மாலைக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்றார்கள். அதற்குச் சக்கரம் வேண்டும். அவனுடைய சொந்தச் சக்கரங்கள் கமாலின் கட்டிலுக்கடியில் இருந்தன. ஆகவே, நம்பர் போய்ச் சேர்ந்த வீட்டுக்கே அவன் கால்நடையாகப் போனான். கால்மணி நேர நடை. வழியில் இரண்டு கொசு பஸ்கள் நிறுத்தி, "ஏறுலா அண்ணே!" என்றன. ஏறவில்லை.

கமால் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடைச் சோறு இல்லை. மீன் குழம்பு மணத்தது. கை சுட்டவர்கள் வைத்த குழம்பு மாதிரித் தெரியவில்லை.

"வாங்க மச்சான். கை கழுவுங்க."

"நம்பர் போச்சு, மாப்புள்ள."

"தெரியும். ஒக்காருங்க, சொல்றேன். கோவப்படக் கூடாது." கமால் ஒரு முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "நம்பர் எங்க போச்சு? வெளியாளுக்கா போச்சு? வீட்டுக்குள்ளதானே இருக்கு."

"டயர் நம்பர எழுதுறாங்கன்னு நீ எங்கிட்டச் சொல்லல."

"சொல்லியிருந்தா நீங்க வேற டயர் வாங்கி மாட்டிட்டுப் போயிருப்பீங்க."

"ஆமா."

"அப்ப நம்பர் எங்களுக்கு எப்படி வரும்?"

கேள்வியில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கமால் அதைக் கேட்ட முகத்திலும் ஒன்றுமில்லை. நாலாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்த, நிதானமான முகம்.

"ஒரு வண்டிய வச்சு நாங்க எத்தன நாளைக்கு மச்சான் காலம் தள்றது? இப்பப் பாருங்க, எங்ககிட்ட நம்பர் இருக்கு, வண்டி இல்ல. உங்ககிட்ட வண்டி இருக்கு, நம்பர் இல்ல. உங்க வண்டிய எங்களுக்கு விட்டுருங்க. நீங்களே ஓட்டுங்க. அதே ரோடு, அதே சீட்டு, அதே முட்டக்காரி. மாசச் சம்பளம். டயரு, பிரேக்கு, துரை, எந்தக் கவலையும் உங்களுக்கு இல்ல. எல்லாம் நான் பாத்துக்குறேன்."

"நான் உன் பேரக் காட்டிக் குடுக்கல, மாப்புள்ள. நான் திருடினேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

முதல்முறையாகக் கமாலின் கை சோற்றில் நின்றது. "நெசமாவா?" என்றான். சற்று யோசித்தான். "நல்லவேளை," என்றான். பிறகு சாப்பிட்டான்.

"ஹமீதாவக் கூப்பிடு."

அவள் தானாகவே வந்து கதவு நிலையில் நின்றாள். வலக்கை முக்காட்டுக்குள் இருந்தது.

"கை எப்படிம்மா இருக்கு?"

"பரவால்லண்ணே."

"தேங்காண்ணெ போட்டியா?"

அவள் அழ ஆரம்பித்தாள். கண்ணைத் துடைக்க இடக்கையை எடுத்தாள். "உங்களுக்கு எல்லாம் தெரியும்னு இவருதாண்ணே சொன்னாரு. நீங்களே சரின்னு சொல்லிட்டீங்கன்னு சொன்னாரு."

தெரிந்தவனிடம் கையை மறைப்பானேன் என்று ஹனீபா கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு பதில் சொல்வாள். அதையும் நின்று கேட்க வேண்டியிருக்கும்.

"தேங்காண்ணெ போட்டாப் போகாது," என்றான். "எலுமிச்சம்பழத்த வெட்டித் தேய்."

குனிந்து கட்டிலுக்கடியில் புகுந்தான். அவன் கொடுத்த கட்டில்தான், தேக்கு. அடியில் ஒட்டடைகூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. முதல் சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். நான்கு சக்கரம், ஒரு ஆள். கைவண்டி பிடித்திருக்கலாம். தோன்றவில்லை. கமால் வாசல்வரை வந்து, "விடுங்க மச்சான், என் வண்டியில ஏத்திக் கொண்டாந்து எறக்குறேன்," என்றான். ஹனீபா காதில் வாங்காமல் உருட்டினான். பிட் தெருவில் பூக்கடைக்காரர் ஒருவர், "என்னா பாய், சக்கரம் மட்டும் போகுது, வண்டி பின்னால வருதா?" என்றார். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது முறை போனபோது சிரிப்பு குறைந்திருந்தது. மூன்றாவது முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது முறை திரும்பி வந்தபோது வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கடைசிச் சக்கரத்தை யாரோ வெளியே கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். படிக்கட்டில் பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடி ஒன்று கிடந்தது. உட்பக்கம் ஊதாவாக இருந்தது.

சக்கரங்களை மாட்டி, பஸ்ஸை ஆபீஸ் முற்றத்திலிருந்து வெளியே எடுத்தபோது சாயங்காலம் ஐந்து மணி. ஆள் ஏற்றக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தலாம், அவ்வளவுதான். வீடு சுங்கை பினாங்கில். பழகிய பாதை. பழகிய கைகள் வழியெல்லாம் நீண்டன. ஹனீபா நேரே பார்த்து ஓட்டினான். நிற்காமல் போகிற காலி பஸ்ஸை ஜனங்கள் மூன்று பாஷையில் திட்டினார்கள்.

பசார் முனையில் சித்தி ஹாஜரா வெறும் கூடையோடு நின்றாள். கையைக்கூட நீட்டவில்லை, அந்த வண்டி அவளுக்காக நிற்காமல் போகும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஹனீபாவின் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அவள் ஏறி, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

"எறங்கிருங்கக்கா. ஏத்தக் கூடாது. நம்பரப் புடுங்கிட்டாங்க."

"யாரு?"

"ஆபீஸ்ல."

"அடப் பாவமே! பிரேக்கா? நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேனே."

"பிரேக்கு நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நம்பர் இப்ப யாருகிட்ட இருக்கு?"

ஹனீபா ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னான்: "எந் தங்கச்சிகிட்ட."

சித்தி ஹாஜரா பெருமூச்சு விட்டாள். நிம்மதிப் பெருமூச்சு. "நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். வீட்டுக்குள்ளதானே இருக்கு, தம்பி! அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

அவன் கீழே இறங்கிப் போய், அவள் கூடையை வாங்கி ரோட்டோரத்தில் வைத்தான். அவள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினாள். பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. கமாலின் வண்டி. அடியில் அவனுடைய மழமழ டயர்கள் நான்கும் ஊர் பார்க்க ஓடிக்கொண்டிருந்தன. அதை இன்னும் ஆறு மாதம் யாரும் கேட்க மாட்டார்கள்.

"ஏறுங்கக்கா, ஏறுங்க! சுங்கை பினாங், சுங்கை பினாங்!" என்றான் கமால். ஹனீபாவைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தான். சித்தி ஹாஜரா ஏறி, அவன் முதுகுக்கு நேர் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்தாள்.

ஹனீபா நடுரோட்டில் நின்றான். கமால் மறுபடி ஹாரன் அடித்தான். தன் வண்டி வழியை மறித்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் ஹனீபாவுக்குப் புரிந்தது. ஏறி, ஓரமாக ஒதுக்கினான்.